நாற்பது விநாடிக் காணொளி

மூன்று வருடம் நான் பார்த்த வேலைக்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். உண்மையில் நான் செய்ததெல்லாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். ரப்பர் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, தொழிற்சாலையில் வேலை வாங்கித் தரும் திட்டம் அது. வெல்டிங், வயரிங், போர்க்லிப்ட் ஓட்டுவது என்று சில வகுப்புகள். செனாவாங்கில் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வகுப்பு அங்கே நடந்தது என்றாலும் திட்டம் நடந்தது புலனக் குழுவிலும் முகநூல் பக்கத்திலும்தான். எழுதும்போது புலனம் என்று எழுதுவோம். வாயைத் திறந்தால் வாட்சாப்தான்.

பதிவுப் பாரம் இணையத்தில். ஐசி என்கிற அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பினால் போதும், நேரில் யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. காலை எட்டரைக்குள் குழுவில் தன் படத்தைப் போட்டால் அதுவே வருகைப் பதிவு. பாடத்தைத் திரும்பப் பார்க்கக் காணொளி. சிரம்பான் தலைமை அலுவலகத்துக்கு நான் மாதாமாதம் அனுப்பும் அறிக்கையில், முகநூல் பதிவுகளை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கருத்து எழுதினார்கள் என்று ஒரு பத்தி இருக்கும். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பது அதற்குக் கீழேதான் வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். எரிச்சல் வந்ததால் என்னை நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பத்தியை நிரப்புவதில் நான் கெட்டிக்காரி.

குழுவைக் கட்டி மேய்ப்பது லேசான காரியம் அல்ல. பிள்ளைகள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் அவர்களுடைய அம்மா, சித்தி, மாமா எல்லாரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காலையில் பூப்படம், மத்தியானம் கோயில் திருவிழா அறிவிப்பு, சாயந்தரம் யாரோ ஒருவரின் மரண அறிவிப்பு. இது வேலைக்கான குழு என்று வாரம் ஒரு முறை நான் கத்துவேன். சரிங்க மேடம் என்று கை கூப்பிவிட்டு மறுநாள் பழனியாண்டவரை அனுப்புவார்கள்.

நானும் அந்தக் கூட்டத்தில் பிறந்தவள்தான். பகாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். பால்மரங்களை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை போட்டபோது நாங்கள் செனாவாங்குக்கு வந்து மலிவு வீட்டில் குடியேறினோம். தோட்டத்தை நினைத்து உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கழிவறைக்குப் போக வரிசையில் நின்றதை நான் மறக்கவில்லை. ஆனால் தோட்டத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, அது என்னிடமும் உண்டு. புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயரைக் கேட்க மாட்டோம். எந்தத் தோட்டம் என்று கேட்போம். பிறகு யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்போம். மூன்றாவது கேள்விக்குள் அவர் நமக்கு ஏதாவது ஒரு முறையில் சொந்தமாகிவிடுவார். கிளினிக்கில் நம்பருக்குக் காத்திருக்கும்போதும் சரி, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் சரி, இதைச் செய்யாமல் எங்களால் இருக்க முடியாது. ஒருவரை அவர் இடத்தில் வைத்துவிட்டால்தான் எங்களுக்கு மனம் ஆறும்.

ஒரு பெண் வெல்டிங் வகுப்பில் சேர்ந்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். வயது இருபத்து மூன்று இருக்கும். ஒல்லி, கறுப்பு, அதிகம் பேச மாட்டாள். பகாவ் பக்கத்திலிருந்து தினமும் மோட்டோவில் வருவாள், மழையானாலும் வருவாள். வெல்டிங் சொல்லிக்கொடுத்தவர் போர்ட் டிக்சனைச் சேர்ந்த மலாய்க்காரர், கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரையும் லேசில் பாராட்ட மாட்டார். அவர் இரண்டாவது வாரமே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணின் கை ஆடாது, ஒரே கோட்டில் நிற்கிறது, இது சொல்லிக்கொடுத்து வருவதில்லை என்றார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மற்றவர்களில் பாதிப் பேர் அதற்குள் நின்றுவிட்டிருந்தார்கள்.

மூன்றாவது வாரம், தேநீர் நேரத்துக்கு முன்னால், ஏதோ ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்க அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டேன். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு கையுறையை உதறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், காதில் என்ன பஞ்சா என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று. மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போனதும் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, அது எம்பேரு இல்லக்கா."

"என்ன சொல்ற?"

"அந்த ஐசி எங்க பெரியப்பா மவளோடது. அக்கா ஜோகூர்ல இருக்கா. கல்யாணமாயி ரெண்டு புள்ள, வேலைக்குப் போவல. அவதான் குடுத்தா, நீயாச்சும் படின்னு."

"ஒன்னோட ஐசி எங்க? தொலைச்சிட்டியா?"

"இருந்தாத்தானக்கா தொலைக்க."

அப்பா இந்த நாட்டுக் குடிமகன். அம்மாவுக்கு எந்தப் பத்திரமும் கிடையாது. தோட்டத்து வீட்டில் பிறந்து, பதியாமலேயே வளர்ந்து, பிறகு இவளை ஆறு வயதில் விட்டுவிட்டுக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர். அவர்கள் கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பதியாத கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு அம்மாவின் நிலைதான். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்றால் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் குடிமகள் அல்ல என்று அச்சடித்திருக்கிறது. இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை மிதித்தவள் அல்ல அவள். அப்பா இரண்டு முறை மனுப் போட்டார், இரண்டும் திரும்பி வந்தன. மூன்றாவது மனு போய் வருடக்கணக்காகிறது. அதுவரை அவள் சாப்பாட்டுக்கடையில் தட்டு கழுவினாள், கார் கழுவினாள். ஐசி கேட்காத வேலைகள் அவை மட்டும்தான்.

அன்றே நான் மேலே தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை. இரக்கம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது பாதிதான். அவளையும் கழித்தால் அந்த வகுப்பில் காட்டுவதற்கு எனக்கு ஆளே இல்லை.

"யாருக்கும் சொல்லாத. நானும் கேட்டுக்கல, நீயும் சொல்லல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மறுநாள் முதல் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் டக்கென்று திரும்பினாள். வீட்டில் அப்பாவைக் கூப்பிடச் சொல்லிப் பழகினாளாம்.

பயிற்சி முடிந்ததும் செனாவாங்கில் இரும்புத் தட்டங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் கிலாங்கில், ஆள் எடுத்தார்கள். எங்கள் வகுப்பிலிருந்து நாலு பேர் பரீட்சைக்குப் போனார்கள். அவள் ஒருத்தியைத்தான் எடுத்தார்கள். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ரெண்டு வருசம் இதுல நின்னுட்டாப் போதுங்கா. அதுக்குள்ள எம்பேர்ல வந்துரும்னு வக்கீல் சொல்றாரு. வந்தோன்ன அக்கா பேர அவகிட்டயே குடுத்துட்டு எம்பேர்ல வேற கிலாங்ல சேந்துருவேன். கையில தொழில் இருக்குல்ல, எங்க போனாலும் காட்டலாம்."

வெள்ளிக்கிழமை காலை சிரம்பானிலிருந்து என் மேலதிகாரி அழைத்தார். வெல்டிங்கில் ஒரு பெண், அதுவும் தோட்டத்துப் பெண், வேலை கிடைத்திருக்கிறது, இன்னும் ஏன் பக்கத்தில் போடவில்லை என்றார். தொழிற்சாலையின் பக்கத்தையும் இணைத்துப் போடுங்கள், அடுத்த தடவை இன்னும் பத்துப் பேரை எடுப்பார்கள் என்றார். நான் அவளிடம் போய்க் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வதைவிட, போடப்போகிறேன் என்று சொன்னேன்.

"மூஞ்சி வேணாங்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வரும், வேலை வாங்கித் தந்தவள் நான் ஆயிற்றே.

வெல்டிங் முகமூடியை முகத்தின்மேல் இறக்கிவிட்டுக்கொண்டு வெல்டிங் செய்யச் சொன்னேன். என் கைப்பேசியில் நாற்பது விநாடி எடுத்தேன். பொறி பறக்கிறது, கை ஆடாமல் நகர்கிறது, கடைசியில் கம்பியால் கசடைத் தட்டுகிறாள், உள்ளே கோடு சீராக, மீன் செதிள் அடுக்கினாற்போல் இருக்கிறது. அந்த வருடம் நான் எடுத்ததிலேயே நல்ல காணொளி அதுதான். கீழே வாழ்த்து எழுதி, பதிவேட்டில் இருந்த பெயரைப் போட்டேன், அதாவது ஜோகூர் அக்காவின் பெயரை. பெயர் போட வேண்டும் என்பது பக்கத்தின் விதி. பெயரும் அவளுடையது அல்ல, முகமும் தெரியவில்லை, இதில் அவள் எங்கே இருக்கிறாள், பிறகு என்ன பயம் என்று நினைத்தேன். என்னைக் கெட்டிக்காரி என்று நானே மெச்சிக்கொண்டேன். சிறிய பதிப்பாக்கிக் குழுவிலும் அனுப்பி, எல்லாரும் பகிருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

பகிர்ந்தார்கள். நான் அனுப்பிய எதையும் அவர்கள் அப்படிப் பகிர்ந்ததில்லை. சனிக்கிழமை முழுக்கக் கைப்பேசி துடித்துக்கொண்டே இருந்தது. கருத்து எழுதும் ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே பதில் எழுத வேண்டும், எழுதினால்தான் பதிவு இன்னும் நிறையப் பேர் கண்ணில் படும் என்று எங்களுக்கு ஒரு நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நான் எழுதினேன். ஞாயிறு காலை சிரம்பான் பாசாரில் மீன்காரர் கெம்போங் மீனைச் சுத்தம் செய்யும்வரை நின்றுகொண்டே எழுதினேன். ஒருவருக்கு இதயம், இன்னொருவருக்கு நன்றி. பகாவ் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா நீளமாக எழுதியிருந்தார். நீளத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே தவிரப் படிக்கவில்லை. மிக்க நன்றி அம்மா, தொடர்ந்து ஆதரவு தாருங்கள் என்று பக்கத்தின் சார்பில் பதில் போட்டுவிட்டு மீனை வாங்கிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் அந்தத் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். தமிழ்ப்பெண். குரலில் கோபம் இல்லை, தயக்கம்தான் இருந்தது.

"அக்கா, ஒங்க பேஜ்ல கமெண்ட்லாம் படிச்சிங்களா? கொஞ்சம் பாருங்கக்கா. பாஸ் பாத்துட்டாரு. என்கிட்ட படிச்சிச் சொல்லச் சொன்னாரு."

அதற்குப் பிறகுதான் படித்தேன். அந்தப் பெரியம்மா எழுதியது இது:

"பேர தப்பா போட்டிருக்கிங்களே. இது பெரியவரு மவ பேரு, அவ ஜோகூர்ல புருசன் வீட்ல இருக்கா. இது சின்னவரு மவ. மூஞ்சிய மூடுனா தெரியாதா, நிக்கிறத பாருங்க, அப்பன் மாரியே வலது தோள எறக்கிக்கிட்டு. நம்ம தோட்டத்து டிவிசன் புள்ள. ஐசி கெடச்சிருச்சா தங்கம்? ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. ஒங்கம்மா இருந்தா எப்படி சந்தோசப்படுவா."

அதற்குக் கீழே என் நன்றி. அதற்கும் கீழே ஒரு ஊரே கூடியிருந்தது. ஆமாம், சின்னவரு மவதான், செம்பனக் குலை வெட்டுறப்ப அவரும் அப்படித்தான் நிப்பாரு என்று ஒருவர். ஐசி கெடச்சிருச்சா, எப்ப, எங்க வீட்லயும் ரெண்டு பேருக்கு இல்ல, எந்த வக்கீல் என்று இன்னொருவர். பெயரைத் திருத்துங்க மேடம், பாவம் கஷ்டப்பட்டுப் படிச்ச புள்ள, அவ பேரு வரணும் என்று மூன்று பேர். ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. எல்லாரும் அவளை அவள் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

படித்து முடித்ததுமே அவள் அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. அப்போது நான் பதிவை அழித்துக்கொண்டிருந்தேன். மீண்டும் அழைத்தாள். அப்போது மேலதிகாரி இன்னொரு பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தார். அவள் புதிதாக வாங்கிய பாதுகாப்புக் காலணியோடு தொழிற்சாலை வாசலில் நின்றிருக்கிறாள். காவலுக்கு இருந்த ஜாகா அவள் காட்டிய கடிதத்தை வாங்கி, உள்ளே பேசிவிட்டு, நீ போகலாம் என்றிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, உன் ஆபீஸில் கேள் என்றாராம். கேட்கத்தான் எனக்கு அழைத்திருக்கிறாள். சொல்ல வேண்டியவள் நான், எனக்கு முன்னால் ஒரு ஜாகா சொன்னார்.

மேலதிகாரி மூன்று காரியங்களைச் செய்யச் சொன்னார். எல்லா இடத்திலிருந்தும் காணொளியை அழிக்க வேண்டும். அவளைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும். நாங்கள் ஏமாற்றப்பட்டோம், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று தொழிற்சாலைக்குக் கடிதம் எழுத வேண்டும். மூன்றையும் மத்தியானத்துக்குள் முடித்தேன். கடிதத்தில், வேறொருவரின் ஆவணத்தைப் பயன்படுத்தியது எமக்கு இன்றுதான் தெரியவந்தது என்ற வரியை மலாயில் தட்டச்சு செய்தபோது என் கை ஆடவே இல்லை.

குழுவில் எழுதினேன்: அந்தக் காணொளியை வைத்திருப்பவர்கள், பகிர்ந்தவர்கள் எல்லாரும் உடனே அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் போலீஸ் பிரச்சினை வரும். போலீஸ் என்ற சொல் போதும். அழிச்சிட்டேன் மேடம், அழிச்சாச்சு, என் வீட்டுக்காரர் போன்லயும் அழிச்சிட்டேன் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. முதலில் பதில் எழுதியவள் அவள்தான். அழிச்சிட்டேங்கா என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அவளைக் குழுவிலிருந்து நீக்கினேன்.

அன்று மாலை அந்தப் பெரியம்மா என் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். அழுதார். "நான் நல்லதத்தானம்மா எழுதுனேன், நீயும் நன்றின்னு போட்டியே" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா என்று அவர் வயதைப் பார்க்காமல் திட்டினேன். அவர் அதற்கும் அழுதார். என்னைத் திட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் அவரைத் திட்டினேன் என்பது திட்டும்போதே தெரிந்தது.

பிறகு நடந்தவற்றை நான் நேரில் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான். தொழிற்சாலை போலீஸில் புகார் கொடுத்தது. ஜோகூர் அக்காவை இரண்டு முறை வரவழைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். அவள் புருஷன், உன் தங்கச்சி முகத்தில் இனி விழிக்காதே என்று சொல்லிவிட்டான். அண்ணன் தம்பி இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. வழக்காகாமல் எச்சரிக்கையோடு விட்டார்கள் என்றார்கள். நாலைந்து மாதம் கழித்து மூன்றாவது மனுவும் திரும்பி வந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. முன்னால் வந்த இரண்டு கடிதத்திலும்கூடக் காரணம் இல்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம் என்று வக்கீல் சொன்னாராம். அந்த இருக்கலாமைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச நாள் தூங்கினேன்.

திட்டம் அந்த வருடத்தோடு முடிந்தது. எனக்கு வேறு வேலை கிடைத்தது, இதே போன்ற வேலைதான். வருடம் ஒன்று கடந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பகாவில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், சாப்பிட்டு முடித்ததும் காரை அவளும் அவள் அப்பாவும் இருந்த பக்கம் திருப்பினேன். துணிச்சல் என்று எதுவும் இல்லை. போகாமல் இருப்பது போவதைவிடக் கஷ்டமாகிவிட்டிருந்தது.

அவள் இப்போது ஒரு குத்தகைக்காரரிடம் செம்பனைத் தோட்டங்களில் புல்லுக்கு மருந்தடிக்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். "அவங்களுக்காச்சும் பர்மிட் இருக்குக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். விரல்களில் தோல் உரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள். அப்பா வாசலில் நாற்காலியைப் போட்டு, "வாங்க, பசியாறியாச்சா?" என்று கேட்டார். எழுந்து நின்றபோது அவருடைய வலது தோள் இறங்கியிருந்ததைப் பார்த்தேன். முப்பது வருடம் நீளக் கம்பை நிமிர்த்திப் பிடித்துக் குலை வெட்டிய தோள். முகநூலில் எழுதியவர்கள் எல்லாரும் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். அவள் பக்கத்தில் நின்றபோது இரண்டு பேரும் ஒரே அச்சு.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஒரு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்:

"போலீஸ்ல கேட்டாங்கக்கா, அந்த மேடத்துக்குத் தெரியுமான்னு. தெரியாதுன்னுட்டேன்."

அவள் அப்பா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன்.

கிளம்பும்போது கார் வரை வந்தாள். எதையோ கேட்கத் தயங்குகிறாள் என்று தெரிந்தது. பணம் கேட்பாளோ என்று நினைத்தேன், கேட்டால் நல்லது என்றும் நினைத்தேன்.

"பகாவ் டவுன்ல இரும்புக் கேட்டு, கிரில் செய்ற கடை ஒன்னு இருக்குக்கா. சீனத் தவுக்கே, அவருதான் மொதலாளி. ஐசி கிய்சி எல்லாம் அவரு கேக்க மாட்டாரு. வயசாயிருச்சு, ஆள் வேணுமாம். நான் வெல்டிங் தெரியும்னேன். சிரிக்கிறாரு. பொம்பளப் புள்ள கையில மெசினக் குடுத்துட்டு நெருப்பு புடிச்சா யாரு பாக்கிறதுங்கிறாரு. செஞ்சத வீடியோ எடுத்து வச்சிருந்தா அனுப்பு, கையப் பாத்துட்டுச் சொல்றேன்னாரு. சர்டிபிகேட்டத்தான் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. அந்த வீடியோ ஒங்ககிட்ட இருக்குமாக்கா?"

"இருக்கும், தேடி அனுப்புறேன்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே காரை எடுத்தேன். என் கைப்பேசியிலிருந்து அதை அந்தத் திங்கட்கிழமை காலையே அழித்திருந்தேன். தொழிற்சாலையின் பெண் அழைத்த மூன்றாவது நிமிடம் முதலில் அழித்ததே அங்கேதான், பக்கத்திலிருந்து அழிக்கும் முன்பே. குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அவளைக் காப்பாற்ற அல்ல. என் கைப்பேசியில் யாரும் எதையும் கண்டுபிடிக்கக் கூடாது என்று.

ஆனாலும் தேடினேன். பழைய மடிக்கணினியில் தேடினேன். குழு இன்னும் உயிரோடுதான் இருந்தது, அதில் கேட்டேன். எல்லாரும் அழித்துவிட்டிருந்தார்கள். நீங்கதானே மேடம் அழிக்கச் சொன்னீங்க என்று ஒருவர் மரியாதையாக நினைவுபடுத்தினார். வெல்டிங் வாத்தியாருக்கு அழைத்தேன். அவர் படமே எடுப்பதில்லை. நேரில் வந்து தவுக்கேயிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதைச் சொல்ல வேண்டுமானால் காணொளி இல்லை என்பதை அவளிடம் சொல்ல வேண்டும், அது ஏன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

புதன்கிழமை அவளிடமிருந்து செய்தி வந்தது. "கெடச்சிச்சாக்கா?" சனிக்கிழமை இன்னொன்று. "அவசரம் இல்லக்கா, தவுக்கே இன்னும் ஆள் எடுக்கல." அடுத்த வாரம் ஒரு கேள்விக்குறி மட்டும். பிறகு எதுவும் வரவில்லை.

மூன்றையும் திறந்து படித்தேன். படித்தால் நீலக் குறி விழும் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, நான் இன்னும் பதில் எழுதவில்லை.